பெட்ரோல் ஜாடியும் உன் பேரும்

எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்து, எனக்கு முன்னால் கிளம்பியும் போய்விட்ட என் பிரியமான அக்காவுக்கு,

ஓரகத்திக்கு ஓரகத்தி கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. அதுவும் செத்துப்போனவளுக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் என் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கும். அது உனக்கே தெரியும்.

உன் மேல் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை அக்கா. என் வயிற்றில் பிறந்த செந்தில் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது உன் முந்தானையில். உனக்குப் பிள்ளை இல்லையே என்று விட்டுக்கொடுத்தேன். நீ போய்விட்டாய். இப்போதாவது அவன் என் பேச்சைக் கேட்க வேண்டாமா?

போன வாரம் நடந்ததைக் கேள். வயலில் மருந்தடிக்கிற மிஷினுக்குப் பெட்ரோல் வாங்கி வந்தான். எதில் ஊற்றி வைத்தான் தெரியுமா? ஊறுகாய் ஜாடியில். அவன் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில், வாய் கோணிப்போனதால் விலைபோகாமல் ஒதுக்கிய ஜாடி. நம் விருத்தாசலத்தில் எந்த வீட்டில்தான் அப்படி ஒன்று இல்லை? மூடி ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அதைக் கூடத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

வெளியே கொண்டுபோய் வை என்றேன். சிரித்தான்.

“சூளையிலயே வெந்து வந்த ஜாடிம்மா. இத நெருப்பு என்னா பண்ணும்?”

ஜாடி எரியாதுடா, அதிலிருந்து கசிகிற ஆவி எரியும், அது தரையோடு தரையாக ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும் என்றேன். என் பேச்சு யார் காதில் ஏறும்?

மறுநாள் காலை உன் படத்துக்கு விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தேன். வீடெல்லாம் பெட்ரோல் வாடை. தரையில் பேத்தி தவழ்ந்துகொண்டிருக்கிறாள். குச்சியை உரசவில்லை. வாடை போகட்டும் என்று மருமகள் கவிதா ஃபேன் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஸ்விட்சில் கிளம்பும் பொறி போதாதா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் செந்தில், மூடிமேல் ஒரு கல்லை வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறான். வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

“உங்க பெரியம்மா சாவறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாங்கடா. வூட்டுக்குள்ள பெட்ரோல் வெக்க வுடாதன்னு.”

அவன் முகமே மாறிவிட்டது. “பெரியம்மாவா சொன்னாங்க? அத மொதல்லயே சொல்றதுக்கு என்னாம்மா?”

ஜாடி அப்போதே வெளியே போனது. இப்போது பெட்ரோலுக்கென்றே விற்கும் கேன் வாங்கியிருக்கிறான், மூடியைத் திருகினால் இறுகிக்கொள்கிறது. வீட்டைவிட்டுத் தள்ளி, கொல்லைக் கொட்டகையில் வெயில் படாமல் பூட்டி வைக்கிறான். ஒரு தடவை மருந்தடிக்கத் தேவையானதுக்கு மேல் வாங்குவதில்லை. மிஷின் சூடு ஆறாமல் ஊற்றுவதும் இல்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் பெரியம்மா உத்தரவு என்கிறான்.

நீ எப்போது அக்கா பெட்ரோலைப் பற்றிப் பேசினாய்? மண்ணெண்ணெய் கேனையே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தவள் நீ. தினமும் அதை நகர்த்தி வைத்தவள் நான். வீட்டைக் காப்பாற்றியது நான், பேர் உனக்கு. அங்கே உட்கார்ந்து சிரிக்கிறாயா?

உன் திதியன்று எல்லோர் முன்னாலும் வாசிக்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் அது வெறும் அம்மா பேச்சுதான் என்று செந்திலுக்குத் தெரிந்தால், ஜாடி மறுபடி கட்டிலுக்கு அடியில் வந்துவிடுமே. அன்றைக்கு உன்னைப் பற்றி வேறு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

என் உயிர் உள்ளவரை அந்தப் பெட்ரோல் வார்த்தை உன்னுடையதாகவே இருக்கட்டும். இது சத்தியம். இன்னொரு சத்தியமும் செய்கிறேன், கேட்டுக்கொள். பேத்திக்கு விவரம் தெரிந்ததும் நெருப்பைப் பற்றி நானே சொல்லிக்கொடுப்பேன், என் பேரிலேயே சொல்லிக்கொடுப்பேன். செந்திலை விட்டுக்கொடுத்த மாதிரி இவளை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் படத்துக்குத் தினமும் விளக்கேற்றுகிற
உன் ஓரகத்தி