வலது முட்டி மட்டும்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முட்டி ஆபரேஷனைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தாம்பரத்தில் ஒரே ஸ்கூலில், பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் நின்றே பாடம் நடத்தித் தேய்ந்தவை நம் கால்கள். உங்கள் முட்டியை மாற்றிய பிறகு, "எறும்பு கடிச்ச மாதிரிதான் நூரு, நீயும் பண்ணிக்கோ" என்றீர்கள். நான் நம்பவில்லை. அன்று உங்கள் சிரிப்பு கொஞ்சம் அவசரமாக வந்தது.

போன வருஷம் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். புனேயில் இருக்கும் என் மகள் ரிஸ்வானா வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு முட்டியும் சேர்த்தே மாத்திடலாம்மா, அடுத்த வாரம் வந்துடுங்க." என்னை நடந்து காட்டச் சொல்லவில்லை. முட்டியைத் தொடவும் இல்லை.

மகள் மேலும் எனக்குச் சந்தேகம்தான். அவள் அப்போது மாசமாக இருந்தாள். வெளியே வந்ததும் கேட்டே விட்டேன்.

"பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்னுதானே இவ்ளோ அவசரம்?"

அவள் கண் கலங்கிவிட்டது. "அதுக்கும்தாம்மா. ஆனா நீ படியில தவழ்றத என்னால பாக்க முடியல."

'இல்லை' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்து, குன்றத்தூரில் வேறொரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். முதல் ரிப்போர்ட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அவர் என்னை நடக்கவிட்டார், படுக்கவைத்து இரண்டு காலையும் மடக்கிப் பார்த்தார், புதிதாக எக்ஸ்ரே எடுத்தார். "வலதுல எலும்பும் எலும்பும் உரசுது, மாத்தித்தான் ஆகணும். இடது இன்னும் தாங்கும். உடம்பு எடையக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி செய்யுங்க."

"அப்ப அங்க ஏன் சார் ரெண்டும்னாங்க?"

"அத அவங்களத்தாம்மா கேக்கணும்."

அவரையும் சந்தேகப்பட்டேன், அக்கா. இடது வேண்டாம் என்பதால் இவருக்கு என்ன லாபம் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வலதை மட்டும் அவரிடம் கொடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து, பிசியோதெரபி பெண் காலை மடக்கினாளே, எறும்பா அது? "பொய்க்காரி!" என்று கத்திவிட்டேன். தன்னைத் திட்டுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் அழப் பார்த்தாள். எனக்குத் தைரியம் வரட்டும் என்றா அப்படிச் சொன்னீர்கள்? இல்லை, துணைக்கு ஒருத்தி வேண்டும் என்றா?

நாலு மாசம் கழித்துப் புனேக்கு ஃபிளைட் ஏறப் போனேன். ஏர்போர்ட் சோதனை வாசலில் நுழைந்ததும் பீப் என்றது. பெண் காவலர் என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள். என் புர்காவுக்காகத்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது. பேசாமல் சல்வாரை ஏற்றித் தழும்பைக் காட்டினேன். கையிலிருந்த கருவியை ஓட்டிப் பார்த்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மாவுக்கும் மாத்தணும்கிறாங்க ஆன்ட்டி. ரெண்டும். ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும்மா. ஒன்றரை மாசம் அழுவாங்க. அப்புறம் நல்லா நடப்பாங்க. ஆனா ரெண்டுமே வேணுமான்னு இன்னொரு டாக்டரையும் கேட்டுடு."

அவள் தலையாட்டினாள். வீல்சேர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நடந்தே போனேன்.

பேத்தி பிறந்து மூன்று வாரம் ஆகிறது. குளிப்பாட்டுவது நான்தான். லிஃப்ட் இருந்தும் தினம் ஒரு மாடி படியில் ஏறுகிறேன். ரிஸ்வானா என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாள். அதுதான் இடிக்கிறது. "ரிட்டர்ன் டிக்கெட் போட்டியா?" என்று கேட்டால், "டீ போடவா?" என்கிறாள்.

நானே டிக்கெட் போட்டுக்கொள்கிறேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு உங்களிடம் வந்துவிடுவேன், இது சத்தியம். மண்டி போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நின்றுகொண்டே உங்களோடு சண்டை போடுவேன்.

உங்களை இன்னும் முழுசாக நம்பாத தங்கை,
நூர்ஜஹான், பீர்க்கன்கரணை