ஆங்கில வகுப்பில் இன்று

1957 ஜூலை, செவ்வாய் இரவு

இன்று ஆங்கில வாத்தியாரை அடித்துவிட்டேன்.

வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து கதையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு அத்தியாயம் தாண்டிப் போய்விட்டேன். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

புத்தகத்தைப் பிடுங்கி, அதன் முதுகாலேயே என் காதில் அறைந்தார். பிறகு வாசிக்கச் சொன்னார். உச்சரிப்பு பிசகிய இடமெல்லாம் பிரம்பு விழுந்தது. எங்களைப் போலக் காஜா பெராங் ஊரில் மாடு வளர்ப்பவர்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. வகுப்பே சிரித்தது.

அடுத்த அடிக்கு முன் பிரம்பைப் பிடித்து இழுத்தேன். அது கைக்கு வந்ததும் அவர் முகத்தில் வீசினேன். மூக்குக்கண்ணாடி உடைந்தது. புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் அப்பா பெல்ட்டை உருவி விளாசினார்.

"பொட்டப்புள்ள வாத்தியார் மேல கை வைக்கிறதா? நாளைக்குப் போய் அவர் கால்ல விழு. இல்லன்னா ஸ்கூல விட்டுத் தூக்கிடுவாங்க!"

"விழமாட்டேன்ப்பா."

மறுபடியும் விளாசினார். அம்மா குறுக்கே வந்து, "போதுங்க, புள்ள செத்துரும்!" என்று கத்தினாள். அடுத்த அடி அவள் கழுத்தில் விழுந்தது.

"விழறேன்ப்பா, விழறேன்" என்று அலறினேன்.

முதுகு எரிகிறது. குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறேன். மன்னிப்பை ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கும். வாக்கியத்தை மூன்று விதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் பிழையில்லை. ஒன்றுகூட உண்மையில்லை.