துணி மூடிய டிவி

ரெனால்டின் அப்பாவுக்கு,

எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்கப் பதினோரு மணிக்குக் கடை ஆள் வந்தால் நம் ஃபிளாட் டிவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட மெக்கானிக்கிடம் போகாதது அது. தபசு காலம் நாற்பது நாளும் டிவி பார்ப்பதில்லை என்று நான் துணி போட்டு மூடியே வைத்திருந்ததால், ஈஸ்டரன்று முதலில் சத்தம் மட்டும் வந்தது. "இன்னா, உன் தபசு டிவியையே சாவடிச்சுடுச்சா?" என்று கத்திவிட்டு நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். பத்து நிமிடத்தில் படம் பளிச்சென்று வந்தது. ரோஷத்தில் உங்களிடம் சொல்லாமல் அணைத்து, திரும்பவும் துணியைப் போட்டுவிட்டேன். நேற்று நீங்கள் லாங் பஜார் கடைக்குப் போய் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவிட்டு வந்தபோதும் வாய் திறக்கவில்லை.

இட்லி குண்டானில் இருக்கிறது.

இவாஞ்சலின்

வாசல்வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன்: டிவியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். படம் வந்ததும் ஆஸ்பத்திரியில் என் டூட்டி வார்டுக்கு ஃபோன் செய்யுங்கள். என்னைப் போலச் சொல்லாமல் அணைத்துவிடாதீர்கள்.