நாலு மில்லிமீட்டர்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், பெற்ற தாயைப் பற்றி வெளியாட்களுக்குக் குறை எழுதி அனுப்ப உடம்பில் தெம்பு இருக்கிறதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்து, பையனுக்குக் கொஞ்சம் தணிவாக எழுது என்கிறார். அவருக்கென்ன, வார்னிஷ் அடிக்கிறவர், எதையும் பூசி மெழுகிவிடுவார். எனக்கு அது வராது.

நான் செய்து கொடுத்த லூட் வாத்தியத்தை இத்தனை வருஷம் வாசித்த பாட்டு டீச்சர், போன வாரம் அதைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். உங்கள் மகனே எழுதியிருக்கிறார், வயிற்றுப் பலகை நாலு மில்லிமீட்டர் அகலம் கூடவாம், மியூசியத்துப் பழைய லூட் மாதிரி இல்லையாம், சரித்திரப்படி தப்பாம், அவரையே புதிதாக ஒன்று செய்யச் சொல்லிவிட்டேன் என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? நீ அளந்தது சரிதான், உன் கை சுத்தம் எனக்குத் தெரியும். ஆனால் எதை அளந்தாய்? நூற்றுக்கணக்கான வருஷம் காய்ந்து சுருங்கிய பலகையை. மரம் நீளவாக்கில் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும் என்பது அரை டிராயர் போட்ட காலத்திலேயே உனக்குத் தெரியுமே, படித்ததும் மறந்துபோச்சா? தந்தி இழுத்து இழுத்து முகப்பில் விழுந்த பள்ளத்தைக்கூட விடாமல் காப்பி அடித்திருக்கிறாய். கிழவியை நிறுத்தி அளவெடுத்து, அவள் அந்தக் காலத்தில் போட்ட கல்யாண உடுப்பு இதுதான் என்று தைத்துக் காட்டின மாதிரி இருக்கிறது. அந்த லூட்டைச் செய்தவன் மில்லிமீட்டரா கண்டான், காம்பஸைத் திறந்து பங்கு பிரித்து வளைவு போட்டான். நீளத்தை ஆறாகப் பிரித்து, அடியிலிருந்து முதல் பங்கு முடிகிற இடத்தில் தந்தி கட்டுகிற பிரிட்ஜை ஒட்டினான். நீ டீச்சருக்கு அனுப்பி, அவள் பெட்டியிலேயே விட்டுப்போன வரைபடத்தில் நானும் காம்பஸை ஊன்றிப் பார்த்தேன், ஒரு வளைவும் இன்னொன்றோடு சேரவில்லை. மரம் விழுங்கின நாலு மில்லிமீட்டரைத்தான் நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அது உனக்குத் தப்பாகத் தெரிகிறது.

இதில் ஒரு வரிகூட டீச்சரிடம் நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு லூட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன், வேலை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். என் மகனுக்கு அளக்கத்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது என்று வெளியாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்திருக்கிறது.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பசை காய்ச்சும்போது ஜன்னலைத் திறந்து வை, வேளைக்குச் சாப்பிடு. டீச்சருக்கு உன் கையாலேயே உண்மையை எழுது. எழுதுகிறவரை இந்த வாசற்படி மிதிக்காதே.

இப்படிக்கு,
இன்னமும் உன்னை விட்டுக்கொடுக்காத
அம்மா