நானூறு பிக்சல் உயரம்

12, திங்கள்
காலையிலேயே வெயில். மின்கட்டணம், அப்பளம். பிறகு சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியின் இணையப் பக்கம். விலைப்பட்டியல் தனிப் பக்கம். முகப்பில் ஒரு ஃப்ரேமுக்குள், ஜன்னல் வழியே பார்ப்பதுபோல், தெரியும்.

முதலாளி அண்ணாச்சி போனில்: "ஓரத்துல என்னம்மா கம்பி மாரி ஏறி எறங்குது? அசிங்கமா இருக்கு. எடுத்துருங்க."

ஸ்க்ரோல் பட்டையைச் சொல்கிறார். காலண்டர் அச்சடித்த குடும்பம் அவருடையது. தாளுக்கு ஓர் அளவு, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். நானும் பதினெட்டு வருடம் காலண்டர் வடிவமைத்தவள்தான். பட்டையை எடுத்துவிட்டேன். ஃப்ரேமின் உயரம் 400 பிக்சல். கச்சிதம்.

14, புதன்
காற்றே இல்லை. பதினொன்றரைக்குக் கம்பெனியின் மருந்துக் கலவை அறை வெடித்தது. மூன்று அறைகள் தரைமட்டம். உடல்களை எண்ண முடியவில்லையாம். வேலி முள்ளில் ஒரு கை, வளையலோடு.

ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பவர்கள் பெயரை உடனே போடச் சொன்னார் அண்ணாச்சி. அதே ஃப்ரேமில் போட்டேன். பதினான்கு பேர். என் கணினியில் பதினான்கும் தெரிந்தன. பிறகு ரசம் சாதம்.

15, வியாழன்
கம்பெனிக் கணக்கர் வனஜா போன் செய்தாள். நேற்று மாலை கம்பெனி வாசலில். முருகேசன், ஆலங்குளம் பக்கம், மனைவி செல்லத்தாய் இங்கே வேலை. கையில் போன், இடுப்பில் அரிவாள்.

"ஏலே, எம் பொஞ்சாதி பேரு எங்கலே?"

போர்மேன் தர்மர்: "லிஸ்ட்ட நல்லாப் பாருப்பா, அம்புட்டுப் பேரும் இருக்கு."

"பாத்துட்டேம்லே. அவளக் கரியாக்கிட்டு லிஸ்ட்டா காட்டுத?"

தர்மருக்கு மூன்று வெட்டு. முதல் வெட்டிலேயே மணிக்கட்டு தொங்கிவிட்டதாம். "கேட்டெல்லாம் ரத்தம் மேடம். இன்னும் களுவல."

செல்லத்தாய் சாகவில்லை. பட்டியலில் பன்னிரண்டாவது பெயர். கால் இரண்டும் வெந்து கிடக்கிறாள். "அவுக வந்தாகளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

என் போனில் திறந்து பார்த்தேன். ஒன்பது பெயர்கள்தான். சின்னத் திரையில் ஒவ்வொரு பெயரும், ஊரும் கணவர் பெயருமாக, இரண்டு வரியாக மடிந்து பட்டியல் நீண்டுவிட்டது. ஃப்ரேம் நீளவில்லை. மிச்சம் ஐந்து பெயர் கீழே மறைந்து கிடக்கிறது. இழுத்துப் பார்க்கப் பட்டையும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருக்கலாமே என்று எழுதி, அடித்துவிட்டேன். போயிருக்கிறான். கூட்டத்தில் உள்ளே விடவில்லை.

16, வெள்ளி
தர்மர் காலையில் இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். முருகேசன் மேல் இனி கொலை வழக்கு. திட்டமிட்ட கொலை, பழைய பகை என்கிறது போலீஸ்.

ஃப்ரேமைச் சரிசெய்தேன். உள்பக்கம் தன் உயரத்தைச் சொல்லும், வெளிப்பக்கம் அதற்கேற்ப நீளும். பத்து வரி நிரல். திங்களன்றே எழுதியிருக்கலாம்.

அண்ணாச்சி: "லிஸ்ட்டுல பதினாலு பேரும் இருந்துச்சுன்னு போலீசுக்கு எழுதிக் குடுங்க. பொய் இல்லியே?"

பொய் இல்லை.

"ஒங்க பேரும் கெடாது, எம் பேரும் கெடாது."

தலைவலி மாத்திரை இரண்டு. பழைய பக்கத்தின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன், 400 உயரத்தோடு.

17, சனி
காவல் நிலையம். மூன்று மணி நேரம் பெஞ்சில்.

"முருகேசனுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார் எஸ்.ஐ.

"ஒறவு ஒண்ணும் இல்ல. அந்த ஃப்ரேம் நான் வச்சது."

நடந்ததை நான் எழுதிக் கொடுத்ததை அவர் படிக்கவில்லை. பழைய நகலைப் போனில் திறந்து நீட்டினேன். பெருவிரலால் மேலே தள்ளினார். ஒன்பதாவது பெயருக்குக் கீழே கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தையின் விளம்பரப் படம் வந்தது.

"மீதிப் பேரு எங்கம்மா?"

மறுபடியும் தள்ளினார்.