சித்திரைக்குச் சித்திரை ஓர் அயன் பெட்டி

இன்றைக்குப் பொழுதுபட அயன் பெட்டியைச் செருகிவிட்டு, நாளைக்கு உடுத்த வேண்டிய சாறியை மேசையில் விரித்தேன். பெட்டி சூடேறியதும் முட்டை பொரித்த வாசம் வந்தது. அடுப்படியில் ஒன்றுமில்லை, காலையில் ஆக்கிய சோறுதான் மூடிக் கிடந்தது. வாசம் பெட்டியிலிருந்துதான் வந்தது. சாறியை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குக் கசங்கின சாறியோடு கந்தோருக்கு வேலைக்குப் போனால் என்ன, என்னை யார் பார்க்கிறார்கள்.

அலுப்புத்தானடி எனக்கு இப்போதெல்லாம். விடியச் செட்டிபாளையத்தில் பஸ் ஏறி, நாள் முழுக்கச் சனங்களுக்குப் பதில் சொல்லி, திரும்பி வந்து விழுகிற உடம்பு. ஊரில் இன்னும் "கம்பஸ் படிச்ச புள்ள" என்கிறார்கள். அதைக் கேட்டால் சிரிக்க உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

அந்த மலைநாட்டுக் கம்பஸில் முதல் நாளே வழி தவறினோமே. நீ கிரான், நான் செட்டிபாளையம், இருவரும் அதற்கு முன்பு ஒருவரையொருவர் பார்த்ததுமில்லை. மட்டக்களப்பு பஸ்ஸில் அருகருகே இருந்து வந்த ஒரே உரிமையில் சேர்ந்து நடந்தோம். விரிவுரை மண்டபத்தைத் தேடி, கேட்கப் பாஷையும் போதாமல், கடைசியில் ஆற்றங்கரையில் போய் நின்றோம். "வட்டைக்குள்ள மாட்டத் துலைச்சவன் மாதிரி அலையிறம் புள்ள" என்றாய். உங்கள் வயல்வெளியில் மாட்டையாவது தேடிப் பிடித்துவிடலாம். இங்கே மண்டபத்தைக் கண்டபோது விரிவுரை முடிந்து, நூற்றுக்கணக்கான பேர் எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தருக்கும் எங்கள் பேர் தெரியாது. நான் அறைக்கு வந்து அழுதேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. "அழுது முடிச்சிட்டுச் சொல்லு, எனக்குப் பசிக்கி" என்றாய்.

பசிதான் அயன் பெட்டி வாங்க வைத்தது. விடுதிச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று நம் முறை வரும்போது குழம்பு வெறும் தண்ணீராக இருக்கும். அறையில் சமைக்கத் தடை, ஆனால் உடுப்பு அயன் பண்ணத் தடையில்லை. ஆளுக்குப் பாதி போட்டு, கடையில் இருந்ததிலேயே கனமான பெட்டியாகப் பார்த்து வாங்கினாய். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, பால்மா டின் மூடியை மேலே வைத்து முட்டை பொரித்தோம். ஊரிலிருந்து கொண்டுபோன நெத்தலிச் சம்பலைச் சூடாக்கினோம். குளிர் நாட்களில் கையையும் காட்டிக்கொண்டோம்.

ஒரு நாள் சம்பல் சூடாகிக்கொண்டிருக்கும்போதே சப் வார்டன் கதவைத் தட்டினா. நீ கண்மூடி முழிக்க முன்னம் மூடியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என் சாறியின் முன்னால் நின்றாய்.

"என்ன பிள்ளையள், சாறி நெத்தலி மணக்குது?" என்று கேட்டா அந்த யாழ்ப்பாணத்து மனுசி.

"மட்டக்களப்புச் சாறி மிஸ். வாவிக் கரையில காயப்போட்டது" என்றாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவ கட்டிலுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்தா. போகும்போது, "எனக்கும் கொஞ்சம் காயப்போட்டு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா. அதன் பிறகு எந்தச் சம்பலிலும் அவவுக்கு ஒரு பங்கு போனது.

ஸ்ட்ரைக் வரும், கம்பஸை மூடுவார்கள், பின்னேரத்துக்குள் விடுதியை விட்டு வெளியேறச் சொல்வார்கள். எல்லோரும் புத்தகங்களைப் பொறுக்கும்போது நீ அயன் பெட்டியைத்தான் முதலில் துவாயில் சுற்றுவாய். அப்படி மூடி மூடித் திறந்ததில் நாலு வருடப் படிப்பு நீண்டுகொண்டே போனது. சலிப்பில் நான் விட்டுவிட்டு வரப் பார்த்தேன். "இவ்வளவு பெரிய கம்பஸில நமக்கு ஒரு அயன் பொட்டி வைக்கிற அளவு இடம் கிடைச்சிட்டு. அத ஏன் விடணும்?" என்று நீ கேட்டாய். அந்தக் கேள்விதான் என்னைப் பட்டம் எடுக்க வைத்தது.

கடைசி நாளில் பெட்டி யாருக்கு என்ற பேச்சு வந்தது. ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுத்துச் சண்டை பிடித்தோம். நீதான் தீர்ப்புச் சொன்னாய்: "வருசத்துக்கு ஒராள் வெச்சிருப்பம். சித்திரைக்குச் சித்திரை கைமாத்துவம்." உனக்கு ரீச்சர் வேலை கிடைத்தது, எனக்குக் கந்தோர். கலியாணம், பிள்ளைகள், வெள்ளம் எல்லாவற்றுக்கும் நடுவே சித்திரை தவறாமல் பெட்டி கல்லடிப் பாலம் தாண்டிப் போய் வந்தது. வேறு பெட்டி வாங்க முடியாமலா? அதைச் சாட்டித்தான் நாம் சந்தித்தோம்.

போன சித்திரை உன்னுடைய முறை. நான் புறப்பட இருக்க, நீ போனில் சொன்னாய்: "நீயே வெச்சிக்க புள்ள. நான் இப்ப வீட்டுச் சட்டையோடதான்." பஞ்சி பிடித்த சோம்பேறிக் கழுதை என்று உன்னை ஏசினேன். நீ சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு, வைத்தியத்துக்காகக் கொழும்புக்கும் வீட்டுக்குமாக நீ அலைந்ததை மூன்றாம் ஆள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆவணியில் ஒரு விடியற்காலை செய்தி வந்தது. நான் என்ன யோசித்தேனோ தெரியாது, பெட்டியைத் துவாயில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் கிரானுக்கு வந்தேன். உனக்கு உடுத்த எடுத்த கூறைச்சாறி பெட்டகத்தில் கிடந்து கசங்கிப் போயிருந்தது. "போற உடம்புக்கு மடிப்பு என்னத்துக்கு, உடுத்துங்க" என்றா ஒரு கிழவி. "அவ கசங்கின சாறியோட வாசலத் தாண்டினவ இல்ல" என்று சொல்லிவிட்டு, பட்டின் மேல் மெல்லிய துணி விரித்து நானே அயன் பண்ணினேன். ஒரு சுருக்கம் விடவில்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், அது உன் வருடம்.

இந்தச் சித்திரை என் முறை. நான் போவதாக இருக்கவில்லை. எடுத்து வந்துவிட்டால் நம் கைமாற்று அத்தோடு முடிந்துவிடும், பிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஒரு சாட்டும் இராது. அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரர்தான் போன் எடுத்தார். "தங்கச்சி, முறை வந்திட்டு, இன்னும் உங்களக் காணல்ல."

இன்றைக்குப் போனேன். வயலிலிருந்து வந்த காலோடு வாசலில் நின்றார். மகளின் வெள்ளைச் சட்டையை ஆவணியிலிருந்து அவர்தான் அயன் பண்ணுகிறாராம். "முதல்ல ஒரு சட்டைய எரிச்சிட்டன். மறுகா பழகிட்டு" என்றார். "மகள் முட்டையும் பொரிச்சாள். தாய் சொன்ன கதையாம். அடுப்பு சும்மா கிடக்கக்குள்ள, இதக் கவிழ்த்து வெச்சிப் பொரிக்காள்."

நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பெட்டியைத் துவாயில் சுற்றினார், நீ சுற்றுவதுபோல வயரை உள்ளே விட்டு. பஸ் வந்ததும் என் கையில் தந்து, "வாற சித்திரை எங்கட முறை. மறந்திராதீங்க தங்கச்சி" என்றார்.

ஓம் என்றேன். வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கடையில் இருந்ததிலேயே கனமானதைப் பார்த்து வாங்கினாயே, பாவி, தோள் இன்னும் கழன்று விழுகிறது. இருந்தாலும் வாற சித்திரைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வருவேன். அது உன் முறை.