நூற்று முப்பத்தொன்பதில் ஒருத்தி

பொழிச்சலூர்,
நவம்பர் 9

அன்புத் தங்கை பிளஸ்ஸிக்கு,

தேவ கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை. தினம் வீடியோவில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ பேசும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் காலேப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே, வேறென்ன செய்ய? மஸ்கட்டுக்குத் திரும்புகிற நம் சபை டேனியல் அண்ணனிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் பெருமையைக் கேள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நோயாளிகளின் ரெக்கார்டுகளோடு மாரடிக்கிறேன். இந்த மாதம்தான் ஒரு டாக்டர் என் பேச்சைக் கேட்டார். புதிதாக வந்திருக்கும் ஸ்ம்ருதி டாக்டர், எங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேருக்குக் கடுமையான ஆஸ்துமா என்று கணக்கெடுக்கிறார். கடுமை என்றால், இன்ஹேலரைப் பெரிய டோஸில் தினமும் எடுத்தும் அடங்காமல், வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஸ்டீராய்டு மாத்திரை வரை போகிறவர்கள். ஐந்து வருஷ ரெக்கார்டும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 'ஆஸ்துமா' என்று போட்டுத் தேடினால் இப்படிப்பட்டவர்கள் அறுபத்து நாலு பேர்தான். இவ்வளவுதானா என்று அவருக்கே சந்தேகம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டர், நம்ம ஜனங்க அந்தப் பேரை எழுதவே விடமாட்டாங்க. பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், வீசிங்னு மட்டும் போடுங்கன்னு கெஞ்சுவாங்க. பேரை விடுங்க, மருந்தை வச்சுத் தேடுங்க" என்றேன். தேடினோம். சிகரெட்டில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள், வேறு வியாதிக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் எல்லாரையும் ஒவ்வொரு ரெக்கார்டாகப் படித்துக் கழித்தோம். கடைசியில் நூற்று முப்பத்தொன்பது! "ஈவ்லின் மேடம் இல்லேன்னா பாதிப் பேரை விட்டிருப்போம்" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்லி, கேன்டீனில் பாதாம் பால் வாங்கித் தந்தார். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது, ஓ.பி. நம்பர் மட்டும்தான். ஆனால் அதில் ஒரு நம்பர் எனக்கு மனப்பாடம். எத்தனை மழைக்காலம் உன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பேன்! உன் ரெக்கார்டில் 'வீசிங்' என்று எழுதும்படி கெஞ்சியவர் அம்மா. பக்கத்தில் நின்று ஆமாம் போட்டவள் நான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் காலேப் எனக்கு போன் செய்தார். உனக்குத் தெரியாது. "அக்கா, ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள பிளஸ்ஸிக்கு மூச்சு வாங்குது. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா. ஹார்ட்ல ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்குக்கா" என்றார். குரலே சரியில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரத்தசோகையாக இருக்கும், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுங்கள் என்றேன். டாக்டருக்கே யோசனை சொன்னவள், வாய் கூசாமல் பொய் சொன்னேன். மறுநாளே அவர் இரண்டு கிலோ வாங்கி வந்தாராம். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் நல்ல மனுஷர், பிளஸ்ஸி. இல்லாத வியாதிக்கு அவரைப் பயப்பட வைத்திருக்கிறோம். நீ பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஹேலர் எடுக்கிறாய். ஒருநாள் இழுப்பு பலமாக வந்தால் அந்தக் கதவுக்கு வெளியே அவர் என்ன செய்வார்? நீயே சொல்லிவிடு. அம்மா திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

கர்த்தர் உன் மூச்சையும் உங்கள் வீட்டையும் காக்கட்டும். இந்தத் தடவையும் மூன்று இன்ஹேலரையும் உன் நைட்டி மடிப்புக்குள்தான் சுருட்டி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை முறுக்குக்கு மேலேயே வைத்து அனுப்பச் சொல்லி, காலேப் எனக்கு போன் செய்ய வேண்டும்.

அந்த போனுக்குக் காத்திருக்கும்
உன் அக்கா
ஈவ்லின்